ரோதைக்காரர் மகன் கப்பலில்

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பாவுக்கு ஸ்டோரில் ரோதை வேலை. வெளியூர்க்காரர்களுக்காக: மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலைதான் ஸ்டோர், எந்திரம் ரோதை. அதைக் காக்க ரோதைமுனி என்று ஒரு சாமியும் உண்டு. சத்தம் மாறினால் கழற்று, புதுசைப் போடு, வாடிய கொழுந்து காத்துக்கொண்டு நிற்காது. அப்பாவிடம் நான் படித்த தொழில் அவ்வளவுதான்.

அதை வைத்துக்கொண்டு கொழும்பில் சில வருடம் கப்பல் பழுதுபார்த்தேன். அப்புறம் வெளிநாட்டில், கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்திப் பழுதுபார்க்கும் உலர்துறை ஒன்றில் ஒப்பந்த வேலை. நூறு வயது கடந்த பாய்மரச் சரக்குக் கப்பலை மிதக்கும் அருங்காட்சியகமாக்கும் பணி.

முதல் வாரம் தகடுகளைத் தட்டிப் பார்த்து, மோசமானவற்றில் எல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனேன். கெட்டிக்காரன் என்ற நினைப்பு. மேற்பார்வையாளர் தடிமன் பார்க்கும் கருவியோடு வந்து, என் குறிகளில் பாதியை விரலாலேயே அழித்தார். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தாலும் தாங்கும் தகடு அப்படியே இருக்க வேண்டுமாம். புதுத் தகடாகவே போட்டால் அது புதுக் கப்பல்தானே என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஓடாத எந்திரத்துக்கு இத்தனை மரியாதையா?

தகடுகளை இணைக்கும் தடித்த இரும்பு ஆணியான ரிவெட்டில்தான் மனம் மாறியது. உலையில் சிவக்கக் காய்ச்சி, ஓட்டையில் செருகி, உள்ளே ஒருவர் தாங்கிப் பிடிக்க வெளியே ஒருவர் அடிப்பார். ஆறும்போது அது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிவிடும். இன்று அதைச் செய்யத் தெரிந்தவர்கள் சொற்பம். பல இடங்களில் வெல்டிங் வைத்து, பார்வைக்கு ரிவெட் தலையை ஒட்டிவிடுகிறார்கள். நாங்கள் கழற்றிய பழைய ரிவெட் ஒவ்வொன்றின் தலையும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. எவனோ ஒருவனின் கைவாகு.

வெல்டிங் முடிந்தபின் தீக்காவல் இருப்பது என் முறை. 2007இல் லண்டன் கிரீனிச்சில் கட்டி சார்க் என்ற பழைய பாய்மரக் கப்பல் புனரமைப்பின் நடுவே தீப்பிடித்தது. அணைக்காமல் விட்ட தூசி உறிஞ்சும் இயந்திரம் காரணமாக இருக்கலாம் என்றார்கள். நல்லவேளை, பல பாகங்களை முன்பே கழற்றி வெளியே வைத்திருந்தார்கள்.

ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி, “நம்ம தேயிலை ஏத்தின கப்பலா?” இல்லை. இலங்கையில் வணிகத் தேயிலையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867. சுயஸ் கால்வாய் திறந்தது 1869. நம் தேயிலை பெருகியபோது நீராவிக் கப்பல்கள் கால்வாய் வழியே ஓடிக்கொண்டிருந்தன. அவசரமில்லாத சணல், கம்பளி, நைட்ரேட் உரம் மாதிரியான சரக்குகள்தான் பாய்மரத்துக்கு மிஞ்சின.

சரக்கில்லாத பாய்மரக் கப்பல் ஒழுங்காக நிற்காது என்பது எனக்குப் புதுச் செய்தி. மேலே அவ்வளவு உயரப் பாய்மரம், கீழே வெறும் வயிறு. அடித்தளத்தில் பாரம் ஏற்றித்தான் நிற்க வைத்தோம்.

லீவில் வரும்போது கழித்த ரிவெட் ஒன்றை, கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் ஸ்டோர் மூடி, ரோதையெல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போய் ஆறு வருடமாகிவிட்டது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

“இது எந்த ரோதைக்குடா?” என்றார்.