அணு ஆக்சிஜன் சோதனை: தராசில்தான் பாதி வேலை

தாழ் புவிச் சுற்றுப்பாதையில் விண்கலம் வினாடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. எதிர்ப்படும் அணு ஆக்சிஜன் (மூலக்கூறாக இணையாமல் தனி அணுவாக இருக்கும் ஆக்சிஜன்) அதனால் 5 எலக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றலோடு மோதி பாலிமர்களை அரிக்கிறது. இதை ஆய்வகத்தில் சோதிக்கும் மாணவர்களுக்கு பிளாஸ்மா ஆஷரை (ஆக்சிஜன் பிளாஸ்மாவால் மாதிரியை அரிக்கும் கருவி) இயக்குவது கஷ்டமே இல்லை. பெரும்பாலும் எடை போடும்போதுதான் கோட்டை விடுகிறார்கள்.

மாதிரிக்குப் பக்கத்திலேயே ஒரு கேப்டன் (Kapton என்ற பாலிமர் படலம்) துண்டு இருந்தாக வேண்டும். அதன் அரிப்பு விகிதம் விண்வெளியிலேயே அளக்கப்பட்டது: ஓர் அணுவுக்கு 3.0 × 10⁻²⁴ க.செ.மீ. அடர்த்தி 1.42 கிராம்/க.செ.மீ. எடையிழப்பை பரப்பு, அடர்த்தி, அரிப்பு விகிதம் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் ஒரு ச.செ.மீ.யில் விழுந்த அணுக்களின் எண்ணிக்கை வரும்.

2 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஒரு ச.செ.மீ.க்கு 10²⁰ அணுக்கள் விழுந்தால் தேய்வு 3 மைக்ரான், எடையிழப்பு வெறும் 1.34 மி.கி. இப்போது ஈரத்தைப் பாருங்கள். 125 மைக்ரான் தடிமனுள்ள அதே வட்டத்தின் எடை சுமார் 56 மி.கி. சாதாரண அறைக்காற்றில் கேப்டன் தன் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அதாவது 1 மி.கி.க்கு மேல்! அளக்க வந்ததும் ஈரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எனவே சோதனைக்கு முன்னும் பின்னும் 48 மணி நேரம் வெற்றிடத்தில் உலர்த்துங்கள். வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் எடை போடுங்கள், இரண்டு முறையும் அதே நேர இடைவெளியில்.

ஆஷரில் ஆக்சிஜன் எல்லாப் பக்கமிருந்தும் தாக்கும். பின்புறத்தையும் விளிம்பையும் அலுமினியத் தாளால் மூடுங்கள். ஒட்டும் நாடா வேண்டாம். அதன் பசையிலோ கதவின் கிரீஸிலோ சிலிக்கோன் இருந்தால், அதன் ஆவி கேப்டன்மேல் படிந்து சிலிகாவாக மாறி அரிப்பைத் தடுக்கும். சம கால இடைவெளிகளில் எடையிழப்பு குறைந்துகொண்டே வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

எஃப்.இ.பி. டெஃப்லான் என்ற ஃபுளோரின் பாலிமருக்கு ஆஷரில் கிடைக்கும் அரிப்பு எண்ணை அப்படியே சுற்றுப்பாதைக்குப் பொருத்தாதீர்கள். பிளாஸ்மாவின் புறஊதாக் கதிரும் சேர்ந்து அதை விண்வெளியில் நடப்பதைவிட அதிகமாக அரிக்கும்.

சிலிகா பூசிய கேப்டனுக்கு எடை மட்டும் போதாது. பூச்சில் ஒரு ஊசித்துளை இருந்தாலும் அதன் அடியில் குழி குடையும். நுண்ணோக்கியில் கட்டாயம் பாருங்கள். பல திசைத் தாக்குதலால் ஆஷரில் அந்தக் குழி பக்கவாட்டில் அகலமாக விரியும்.