சிபாப் போட ஆரம்பித்த பிறகு என்னென்ன மாறியது, எந்த வரிசையில் மாறியது

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியா என்று டாக்டர் சொல்லி, ராத்திரி மாஸ்க் வழியாகக் காற்று அனுப்பும் சிபாப் மெஷினைக் கொடுத்து அனுப்பியதும் நம் மனதில் ஒரு கணக்கு ஓடும். இன்று ராத்திரி போட்டுக்கொண்டு படுத்தால் நாளைக் காலையில் புது ஆளாக எழுந்துவிடலாம் என்று. சிலருக்கு அப்படியே நடக்கவும் செய்கிறது. எனக்கு நடக்கவில்லை. நல்ல மாற்றங்கள் வந்தன, நிறையவே வந்தன, ஆனால் ஒவ்வொன்றாக, நான் நினைத்துப் பார்க்காத வரிசையில் வந்தன. நான் எதற்காக டாக்டரிடம் போனேனோ அந்த அசதி போனதுதான் எல்லாவற்றுக்கும் கடைசி. இப்போது ஆரம்பிக்கப்போகிறவர்களும், ஆரம்பித்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று சோர்ந்துபோனவர்களும் இந்த வரிசையைத் தெரிந்துகொண்டால் பாதியில் விடமாட்டார்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐம்பதைத் தாண்டிய பெண். மாதவிடாய் நின்ற பிறகுதான் இந்த அசதி தொடங்கியது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் படுக்காத மாதிரி இருக்கும், காலையில் நெற்றி முழுக்கக் கனமான தலைவலி, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல். தைராய்டு பார்த்தார்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. மனக்கவலையாக இருக்கும், வயதாகிறது இல்லையா என்றார்கள். குறட்டை, அப்னியா என்றாலே குண்டான ஆண்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது வரும் வாய்ப்பு நன்றாகவே கூடிவிடுகிறது, அதுவும் பெண்களிடம் பலமான குறட்டையாகத் தெரியாமல் அசதி, தூக்கமின்மை, தலைவலி, மனச்சோர்வு என்று வேறு முகத்தோடு வருவதால் பல வருடம் பிடிபடாமலே போய்விடுகிறது. பெண்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும்.

என் விஷயத்தில் கண்டுபிடித்தது என் மகள். ஒரு பயணத்தில் ஒரே அறையில் தூங்கவேண்டி வந்தது. காலையில் சொன்னாள்: "அம்மா, நீ குறட்டை விடறது எனக்குப் பிரச்சினையே இல்ல. நடுவுல சத்தமே இல்லாம நின்னுபோகுது பாரு, அப்புறம் திணறி மூச்ச இழுக்கற. அதப் பார்த்துட்டு எனக்குத் தூக்கமே வரல." அந்த நிசப்தம்தான் அப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பகுதியும் மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கின்றன. நெஞ்சு மூச்சுக்காக இழுத்துக்கொண்டேயிருக்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை நம்மை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது, மூச்சு திரும்புகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. எழுந்தது நமக்கு நினைவே இருக்காது.

ஸ்லீப் ஸ்டடியில் உடம்பில் ஒயர்களை ஒட்டி, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டி, இரவு முழுக்கப் பதிவு செய்தார்கள். குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் ஒன்று என்று எண்ணுகிறார்கள். பாதி அடைப்பால் மூச்சு குறைந்துபோவதையும் சேர்த்து, மணிக்கு எத்தனை என்று வருவதுதான் ஏஹெச்ஐ. 5-க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். எனக்கு 38. ஏழு மணி நேரத் தூக்கத்துக்குக் கணக்குப் போட்டால் 260 தடவைக்கு மேல். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பயம் வந்தது உண்மை. ஆனால் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். இத்தனை வருட அசதிக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதற்கு வைத்தியமும் இருக்கிறது.

சிபாப் என்றதும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "ஆக்சிஜன் வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டதா" என்று கேட்டார்கள். ஆக்சிஜன் கிடையாது. அறையில் இருக்கிற அதே காற்றைக் கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்புகிறது, அந்த அழுத்தம் தொண்டை மூடிக்கொள்ளாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். 1980-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார், அடுத்த வருடம் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். அதற்கு முன்பு தீவிரமாக இருந்தவர்களுக்கு இருந்த முக்கியமான வழி, கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விடவைப்பது. இதைப் படித்த பிறகு மாஸ்க்கைப் பற்றி எனக்கு இருந்த மனத்தாங்கல் போய்விட்டது.

சரி, மாஸ்க்குக்கு வருகிறேன். ஆரம்ப நாட்களில் எல்லாமே மாஸ்க்தான். முதல் வாரத்தில் எப்படிப் போட்டுப் பழகுகிறோமோ பெரும்பாலும் அதுவே பின்னாலும் தொடர்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதனால் அந்த நாட்களில் வரும் ஒவ்வொரு தொந்தரவையும் உடனுக்குடன் கேட்டுச் சரிசெய்துகொள்வது நல்லது. எனக்கு மூக்கு மாஸ்க் கொடுத்தார்கள். அதன் மேல் விளிம்பிலிருந்து காற்று கசிந்து நேராகக் கண்ணுக்குள் ஊதும். பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு: மாஸ்க் விளிம்பின் சிலிகோன் மெத்தை நசுங்கிப்போய் இன்னும் கசியும், மூக்குத்தண்டும் சிவந்து புண்ணாகும். மாஸ்க் கொடுத்த டெக்னீஷியன் ஒரு வழி காட்டினார். உட்கார்ந்துகொண்டு மாட்டாதீர்கள், மெஷினை ஓடவிட்டுப் படுத்துக்கொண்டு மாட்டுங்கள், ஏனென்றால் படுக்கும்போது முகத்துச் சதை இடம் மாறுகிறது. மாட்டிய பிறகு மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னால் இழுத்து, மெத்தைக்குள் காற்று நிரம்பியதும் மெதுவாக உட்காரவிடுங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழையவேண்டும். இந்த ஒரு விஷயம் எனக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. "உஸ்" என்ற அந்தச் சத்தம் அன்றைக்கே நின்றது.

அப்புறம் வாய். தூக்கத்தில் வாய் திறந்துகொண்டால் மூக்கில் போன காற்று வாய் வழியே வெளியேறிவிடும், எழுந்தால் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். தாடைப் பட்டை கட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறினேன், சரியானது. காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரைக் கூட்டியபோது குழாய்க்குள் தண்ணீர் சேர்ந்து களகளவென்று சத்தம் போட்டது. மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்து, குழாயைப் போர்வைக்குள் விட்டதும் அதுவும் நின்றது. காற்றை விழுங்கி வயிறு உப்பிக்கொண்டதற்கு டாக்டர் அழுத்தத்தை மாற்றி அமைத்தார். மூச்சு முட்டுகிற மாதிரி பதற்றம் வருகிறவர்கள் பகலில் புத்தகம் படிக்கும்போதோ டிவி பார்க்கும்போதோ மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் மாட்டிப் பழகலாம், அது ராத்திரிக்குப் பெரிய தைரியம் தருகிறது. மெஷினிலேயே ரேம்ப் என்று ஒரு வசதி உண்டு, குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து நாம் தூங்கத் தூங்கக் கூட்டிக்கொண்டு போகும்.

இப்போது அந்த வரிசை.

எனக்கு முதலில் நின்றது, ராத்திரி மறுபடி மறுபடி பாத்ரூம் போவது. மாஸ்க் ஓரளவு பழகுவதற்கு முன்பே நின்றுவிட்டது. அதற்கும் அப்னியாவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை. அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று எண்ணி இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அது சிறுநீரைக் கூடுதலாகப் பிரியவைக்கிறது. தொண்டை திறந்திருந்தால் அந்தத் தவறான செய்தியே போகாது. சர்க்கரை நோயோ, ஆண்களுக்கு ப்ராஸ்டேட்டோ என்று பயந்துகொண்டிருக்கிற எத்தனையோ பேர் இதையும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளலாம்.

அடுத்து காலைத் தலைவலி போனது. அதோடு சேர்ந்து கனவுகள் வந்தன, பளிச்சென்று, நீளமாக, வண்ணவண்ணமாக. பல வருடமாகத் துண்டு துண்டாகிப்போன கனவுத் தூக்கத்தை மூளை மொத்தமாக மீட்டுக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னார், கொஞ்ச நாளில் தணிந்தது. பிறகு எரிச்சல் குறைந்தது. அதை நான் கவனிக்கவில்லை, வீட்டில் இருப்பவர்கள்தான் கவனித்தார்கள். என் கணவர், குறட்டை இல்லாமல் அவரும் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்திருந்தார், "இப்பல்லாம் நீ சட்டுன்னு கோபப்படறதே இல்லையே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருடம் அது என் சுபாவம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம், நானும்தான்.

அசதி மட்டும் அப்படியே இருந்தது. மெஷினில் ஏஹெச்ஐ 2, 3 என்று காட்டுகிறது, கசிவு இல்லை, மதியம் மட்டும் கண் சொக்குகிறது. எனக்கு மிகவும் சோர்வாக இருந்த காலம் அதுதான். டாக்டர் எப்வர்த் என்ற கேள்வித்தாளை மறுபடி நிரப்பச் சொன்னார். எட்டு கேள்விகள், உட்கார்ந்து படிக்கும்போது, வண்டியில் பயணம் செய்யும்போது என்றெல்லாம் எந்த அளவுக்குத் தூங்கிவிழுவோம் என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடவேண்டும், மொத்தம் 24. 10-க்கு மேல் போனால் தூக்கக் கலக்கம் அதிகம். ஆரம்பத்தில் எனக்கு 16 இருந்தது, அப்போது 13. எனக்கு எதுவும் மாறாத மாதிரித்தான் தெரிந்தது, தாளில் மாறியிருந்தது. இதனால்தான் சொல்கிறேன், ஆரம்பிக்கும் முன்பே உங்கள் நிலைமையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், காலையில் தலை வலிக்கிறதா, மதியம் எப்படி இருக்கிறது. மெதுவாக நடக்கிற மாற்றத்தை மனது நினைவில் வைத்துக்கொள்ளாது. சில மாதங்கள் போன பிறகு அந்த மதிப்பெண் 7-க்கு வந்தது. சொல்ல வந்த வார்த்தை நாக்கின் நுனியிலேயே நின்றுவிடுவதும் அந்தச் சமயத்தில்தான் குறைந்தது. கண் சொக்குகிற அந்தக் காலம் முழுக்க நான் வண்டி ஓட்டவில்லை, நீங்களும் ஓட்டாதீர்கள்.

இதில் எனக்கு உண்மையில் வேகம் கொடுத்தது மணிக்கணக்கு. முதலில் விடியற்காலையில் விழிப்பு வந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மிச்சத் தூக்கத்தைத் தூங்குவேன், பாதிக்கு மேல் போட்டாயிற்றே என்று. ஆனால் கனவுத் தூக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில்தான் வருகிறது, அப்போதுதான் தசைகள் மிகவும் தளர்ந்து அப்னியா மோசமாகிறது. எழும் வரைக்கும் மாஸ்க் என்று ஆன பிறகே பகல் தெளிவானது. 2016-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, சேவ் என்று பெயர், ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்தது. சிபாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாக அதில் தெரியவில்லை, ஆனால் அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். அந்தக் குறைந்த நேரத்திலும் பகல் தூக்கமும் மனநிலையும் சரியாகியிருந்தன. அதனால் நாலு மணி நேரம்தான் முடிகிறது என்றால் அதற்கும் பலன் உண்டு, அங்கிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம்.

எதிர்பார்க்கக்கூடாததையும் சொல்லவேண்டும். என் பிபி காலை நேரத்தில் கொஞ்சம் இறங்கியது, மாத்திரை தொடர்கிறது. சராசரியாக 2, 3 புள்ளிதான் குறையும் என்கிறார்கள், பல மாத்திரைக்கும் அடங்காத பிபி இருப்பவர்களுக்குக் கூடுதலாகக் குறையலாம். நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எடை தானாகக் குறையாது, சிலருக்குக் கொஞ்சம் கூடவும் செய்கிறது. ஆனால் பகலில் தெம்பு வந்ததும் நடக்கப் போக முடிகிறது, எடை குறைந்தால் அப்னியாவும் குறைகிறது. நம்பர் எல்லாம் நன்றாக இருந்து, மாதக்கணக்கில் ஒழுங்காகப் போட்டும் அசதி விடவில்லை என்றால் வேறு காரணம் தேடவேண்டும், அதை டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு தடவை கடுமையான ஜலதோஷம் வந்து மூக்கு அடைத்ததால் சில இரவுகள் மாஸ்க் போட முடியவில்லை. போடாத முதல் இரவுக்கு மறுநாள் காலையிலேயே அந்தத் தலைவலி வந்து நின்றது. பாத்ரூம் நடையும் கூடவே வந்தது. மெஷின் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. மூக்கு திறந்த அன்றைக்கே மறுபடி மாட்டிக்கொண்டேன்.

போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துவரவில்லை என்று எடுத்து வைத்துவிட்டவர்கள் மறுபடி மெஷினைத் தொடும் முன்பு, எது ஒத்துவரவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: கசிகிறதா, வாய் காய்கிறதா, வயிறு உப்புகிறதா, பயமாக இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. மாஸ்க்கில் மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன வகை முதல் முழு முகம் வரை உண்டு, ஒன்று பிடிக்காவிட்டால் வேறொன்றைப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். லேசானதும் நடுத்தரமும் என்றால் கீழ்த்தாடையை முன்னால் தள்ளி வைக்கிற பல் கருவியும் இருக்கிறது, டாக்டரிடம் விசாரியுங்கள்.