வேம் போட்டேன், பார்த்தீனியமும் வளர்ந்தது

கோவையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. போன வருடம் ஆள் வைத்துப் பிடுங்கினோம். ஒரே மழை, மறுபடி வந்துவிட்டது. அதே மண்ணை அள்ளி வந்து மாடித் தொட்டியில் மக்காச்சோளம் போட்டால் நோஞ்சானாகத்தான் வருகிறது. களைக்கு ஆகிற மண் பயிருக்கு ஏன் ஆகவில்லை என்ற எரிச்சலில்தான் இதை ஆரம்பித்தேன்.

சந்தேகம் மண்ணில் இருக்கும் பூஞ்சை மேல். வேர் உட்பூசணம் என்று பாடத்தில் இருக்கும், வேம் (VAM) என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். வேருக்குள் குடியிருந்துகொண்டு வெளியே மண்ணில் இழை விடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் லேசில் நகராது. வேரை ஒட்டி ஓரிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை வேர் உறிஞ்சித் தீர்த்துவிட்டால், அதற்கு அப்பால் எவ்வளவு கிடந்தாலும் எட்டாது. பூஞ்சையின் இழை அந்த இடத்தைத் தாண்டிப் போய் எடுத்து வரும். கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கும்.

முதல் சுற்று வீண். கை பழக்கத்தில் மண்கலவையில் மண்புழு உரமும் மணிச்சத்து நிறைந்த டிஏபி உரம் ஒரு சிட்டிகையும் சேர்த்துவிட்டேன். வேம் போட்டது, போடாதது எல்லாம் ஒரே உயரம். வேரைச் சாயம் போட்டுப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சையை அவ்வளவாக உள்ளே விடாது; சும்மா கிடைப்பதற்கு எதற்குக் கூலி? இது தெரிந்த விஷயம்தான், எனக்குத்தான் ஆறு வாரம் போன பிறகு உறைத்தது.

இரண்டாம் சுற்றில் உரமே இல்லை. மனை மண் பாதி, எம்-சாண்ட் பாதி. ஏற்கெனவே மண்ணில் இருக்கும் பூஞ்சையைக் கொல்ல, பழைய இட்லிப் பானையில் ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி ஒரு மணி நேரம். (அம்மா எட்டிப் பார்த்து, "ஏங் கண்ணு, மண்ணையுமா வேக வெக்கற?" என்றார். அந்தப் பானை இனி சமையலறைக்கு வராது என்றும் தீர்ப்பாகிவிட்டது.)

மொத்தம் பன்னிரண்டு தொட்டி. ஆறில் விதைக்கு அடியில் ஒரு டீஸ்பூன் வேம். மற்ற ஆறில் அதே வேமை வேகவைத்துக் கொன்று போட்டேன், பூஞ்சையைக் கலந்து விற்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் தூளால் வந்த வித்தியாசம் என்று யாரும் சொல்லக்கூடாது அல்லவா? வேம் கரைத்த தண்ணீரை வடிதாளில் வடித்து இந்த ஆறுக்கும் ஊற்றினேன். பூஞ்சையின் வித்து பெரியது, தாளிலேயே தங்கிவிடும்; பாக்டீரியா மட்டும் இறங்கும். ஒவ்வொரு ஆறிலும் மூன்றில் மக்காச்சோளம் தனியாக, மூன்றில் அதோடு ஒரு பார்த்தீனியம் நாற்று. நாற்று பிடுங்கும்போது கையுறை போட்டேன், கழுத்தை மறந்துவிட்டேன். ஒரு வாரம் அரிப்பு.

நாள் 20: வேம் இல்லாத தொட்டிகளில் சோளத்தின் அடி இலைகள் ஊதா நிறமாகின. மணிச்சத்துப் பற்றாக்குறைக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். வேம் போட்டவை பச்சை. அன்று நான் கொஞ்சம் துள்ளினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாள் 45: தனியாக நின்ற சோளம், வேம் இல்லாமல் சராசரி 38 செ.மீ., வேமுடன் 61. சரி, இதுவரை எதிர்பார்த்ததுதான். பார்த்தீனியம் கூட நின்ற தொட்டிகள்தான் என்னை உட்கார வைத்தன. வேம் இல்லாத தொட்டியில் பார்த்தீனியம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. வேம் போட்ட தொட்டியில் அதன் இலைகள் என் உள்ளங்கையை மீறி விரிந்திருந்தன. பக்கத்திலிருந்த சோளம் 44 செ.மீ.யில் நின்றுவிட்டது. காசு கொடுத்து வாங்கிய வேமைப் பார்த்தீனியத்துக்கும் சேர்த்தே பந்தி போட்டிருக்கிறேன்.

இந்தக் கணக்கை ரொம்ப நம்பவும் வேண்டாம். மூன்று மூன்று தொட்டிதான், அதிலும் ஒன்றை அணில் தோண்டிவிட்டது.

வேரைப் பார்க்காமல் விட மனசில்லை. 1998இல் வெளியான ஒரு எளிய முறை இருக்கிறது: பேனா மையும் வினிகரும் போதும். வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி நிறம் போக்க வேண்டும் (சருமத்தில் பட்டால் அரித்துவிடும், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியாமல் தொடாதீர்கள்). நன்றாகக் கழுவி, வினிகரில் ஐந்து சதவீதம் மை கலந்து சில நிமிடம் கொதிக்கவிட்டு, வினிகர் சொட்டிய தண்ணீரில் அலசினால் வேர் வெளுத்துப் பூஞ்சை மட்டும் சாயத்தோடு நிற்கும். என்னிடம் இருப்பது ஃபோல்ட்ஸ்கோப், 140 மடங்கு பெரிதாக்கும் காகித நுண்ணோக்கி. அதில் வேருக்குள் பூஞ்சையின் நீள்வட்டக் குமிழ்களும் அவற்றைக் கோத்தது போல இழைகளும் தெரிந்தன. புதர் மாதிரிக் கிளைத்திருக்கும் பகுதியைப் பார்க்க இந்தக் கருவி போதவில்லை. சோளத்தில் இருந்தது போலவே பார்த்தீனிய வேரிலும் அதே குமிழ்கள்.

அப்புறம் படித்தபோதுதான் இது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்று தெரிந்தது. அமெரிக்காவின் மொன்டானாவில் ஐரோப்பாவிலிருந்து வந்த நாப்வீட் என்ற களை மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே செய்த தொட்டிச் சோதனை 1999இல் வெளியானது. உள்ளூர் ஃபெஸ்க்யூ புல்லை அந்தக் களை நசுக்குவது மண்ணில் பூஞ்சை இருக்கும்போதுதான் அதிகம். இதற்கு நேர் எதிரான களையும் உண்டு. வட அமெரிக்கக் காடுகளில் பரவும் கார்லிக் மஸ்டர்ட் கடுகுக் குடும்பம். அதற்கு இந்தப் பூஞ்சை தேவையே இல்லை. அது மண்ணில் விடும் ரசாயனங்கள் பூஞ்சையைக் கெடுக்க, பூஞ்சையை நம்பியிருக்கும் மரக்கன்றுகள் தேய்கின்றன என்று 2006இல் காட்டினார்கள்.

அந்த இரண்டாம் வகை நம் ஊரில் எது என்று தேடி, குப்பைக்கீரையை இரண்டு தொட்டியில் போட்டேன், ஒன்றில் வேமோடு, ஒன்றில் இல்லாமல். அந்தக் கீரையின் குடும்பத்துக்கு இந்தப் பூஞ்சையோடு பெரிதாகச் சகவாசம் கிடையாது. இரண்டும் ஒரே உயரம், வேரிலும் குமிழ் இல்லை. ஆக, வேம் போட்டால் களை அடங்குமா என்று கேட்டால், எந்தக் களை என்று திருப்பிக் கேட்பேன்.

இப்போதைக்கு மாற்றிக்கொண்டது ஒன்றுதான்: வேம் போட்ட தொட்டியில் முதல் மூன்று வாரம் ஒரு களையும் விடுவதில்லை.

மூன்றாம் சுற்று சத்தியமங்கலத்தில், மாமாவின் கரும்புக் காட்டு வரப்போரம். அங்கே சுடுமல்லி தொல்லை, கரும்பு வேரிலேயே ஒட்டி உறிஞ்சும் களை. மணிச்சத்து குறைந்தால் செடி வேர் வழியாக ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை விட்டுப் பூஞ்சையைக் கூப்பிடும். சுடுமல்லி விதை அதே கூப்பாட்டைக் கேட்டுத்தான் முளைக்கிறது. பூஞ்சை முதலில் வந்து குடியேறிவிட்டால் செடி கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்ளும் என்கிறார்கள். அதைத்தான் பார்க்கப் போகிறேன். விதை தூசி மாதிரி இருக்கும், மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும் என்பதால் மாடிக்குக் கொண்டுவரவில்லை. போன ஞாயிறு பத்துக் கரணைக்கு (நடவுக்கு வெட்டிய கரும்புத் துண்டு) அடியில் வேம், பத்துக்கு வேகவைத்த வேம் போட்டு, கலர் துணி கட்டிக் குச்சி நட்டு வந்தேன். திங்கட்கிழமை மாமா போன் செய்தார். ஆட்டுக்குட்டிகள் துணியை எல்லாம் தின்றுவிட்டனவாம், குச்சி மட்டும் இருக்கிறதாம்.