22.4-ஐ எப்போது கைவிடுவது?

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதிய பிள்ளைகளுக்கு 22.4 மனப்பாடம். தேர்வுத் தரவுத்தாளிலேயே அச்சாகியிருக்கும் எண் அது. முதலாண்டு வேதியியலில் வாயுக் கணக்கு வந்ததும் கை தானாக அதைத்தான் எழுதும். மதிப்பெண் போவதும் அங்கேதான். ஒரு மோல் (துகள்களை எண்ணும் அளவு) வாயு 22.4 லிட்டர் இடம் பிடிப்பது 273 கெல்வின், 101.3 கிலோபாஸ்கலில் மட்டுமே. அப்படி ஒரு ஆய்வகம் எந்த ஊரிலும் கிடையாது. 1982 முதல் ஐயுபேக் என்ற பன்னாட்டு வேதியியல் அமைப்பு திட்ட அழுத்தத்தையே 100 கிலோபாஸ்கலாக மாற்றிவிட்டது. அதன்படி பார்த்தால் 22.7 லிட்டர்.

முதலாண்டுக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 0.0400 கிராம் மெக்னீசியம் நாடாவை 2.0 மோலார் (லிட்டருக்கு 2.0 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5.0 மி.லி.யில் போட்டு, வரும் ஹைட்ரஜனைத் தண்ணீருக்கு மேலே அளவுக்குழாயில் பிடிக்கிறோம். வெப்பநிலை 25 டிகிரி. கன அளவு என்ன?

முதலில் மோல். 0.0400-ஐ மெக்னீசியத்தின் மோல் நிறையான 24.305-ஆல் வகுத்தால் 0.001646. அமிலம் 0.0100 மோல் இருக்கிறது. ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு அமிலம் வேண்டும், அதாவது 0.00329 மோல். எனவே முதலில் தீர்வது மெக்னீசியம். இந்த இரண்டால் பெருக்கும் படியைத் தாண்டிவிடாதீர்கள். அமிலம் 1.5 மி.லி.தான் என்றால் 0.0030 மோல். மெக்னீசியத்தைவிட அதிகமாகத் தெரியும், ஆனால் போதாது.

ஒரு மெக்னீசியத்துக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஆகவே ஹைட்ரஜனும் 0.001646 மோல். இனி அழுத்தம். டர்பன் கடற்கரை, சுமார் 101.3 கிலோபாஸ்கல். ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம், அங்கே சுமார் 83 கிலோபாஸ்கல்தான். (ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா சமையலறையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான், தண்ணீர் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது.) குழாயில் நீராவியும் கலந்திருப்பதால் 25 டிகிரிக்குரிய 3.17 கிலோபாஸ்கலைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது டர்பனில் 98.1, ஜோகன்னஸ்பர்க்கில் 79.8.

மோலை வாயு மாறிலி 8.314-ஆலும், 25 டிகிரியின் கெல்வின் மதிப்பான 298.15-ஆலும் பெருக்கி அழுத்தத்தால் வகுங்கள். டர்பனில் 41.6 மி.லி., ஜோகன்னஸ்பர்க்கில் 51.1 மி.லி. வரும். 22.4-ஐப் போட்டவருக்கு 36.9 வந்திருக்கும். அளவுக்குழாய் 50 மி.லி. என்றால், டர்பனின் சாட்ஸ்வொர்த் மாணவருக்கு அடங்கும் அதே நாடா ஜோகன்னஸ்பர்க்கில் குழாயைத் தாண்டி வெளியேறும்.

நடுவில் மோலை 0.0016 என்று சுருக்கினால் ஜோகன்னஸ்பர்க் விடை 49.7 ஆகி, 'அடங்கும்' என்று தவறாகச் சொல்லும். கடைசி வரி வரை நான்கு இலக்கம் வைத்திருங்கள், சுருக்குவது விடையில்தான்.

அலகில் ஒன்று தெளிவாக இருக்கட்டும்: 8.314-உடன் கிலோபாஸ்கல் போட்டால் விடை லிட்டரில், பாஸ்கல் போட்டால் கன மீட்டரில். கலந்தால் ஆயிரம் மடங்கு பிழை. 298-க்குப் பதில் 25 போட்டால் ஜோகன்னஸ்பர்க்கில் 4 மி.லி. சொச்சம் வரும், ஒரு மோலுக்கு அறை வெப்பத்தில் 24 முதல் 31 லிட்டர் என்று மனதில் வைத்திருந்தால் இந்தத் தவறு உடனே கண்ணில் படும்.

செய்முறையில் அழுத்தத்தை ஆய்வகப் பாரமானியில் பாருங்கள். கைபேசிச் செயலி காட்டுவது பெரும்பாலும் கடல்மட்டத்துக்குத் திருத்திய எண். ஜோகன்னஸ்பர்க்கில் நின்றாலும் 101-க்குப் பக்கத்தில்தான் காட்டும். குழாயின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்போது அளவெடுங்கள். உள்ளே 10 செ.மீ. உயர்ந்து நின்றால் வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல் குறைவு.

50 மி.லி. குழாய்தான் கையில் இருக்கிறது என்றால், ஜோகன்னஸ்பர்க்கில் நாடாவை 0.0350 கிராமாக வெட்டுங்கள். 44.7 மி.லி. வரும், படிக்க இடமும் இருக்கும்.