கட்டைவிரல் பிரேக்

ஆஸ்திரேலிய மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் மிக் டூஹன் என்றாலே எனக்கு அவருடைய இடது கட்டைவிரல்தான் நினைவுக்கு வரும். 1992-இல் உலகப் பட்டத்தை நோக்கி வெகுதூரம் முன்னே போய்க்கொண்டிருந்தவர், நெதர்லாந்தின் அசென் பந்தயத் தடத்தில் விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலை. பந்தய வீரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் கோஸ்டா இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்து, நல்ல காலின் ரத்தத்தை அடிபட்ட காலுக்கு ஓடவிட்டார். (எழுதும்போதே எனக்குக் கால் கூசுகிறது.) அந்த வருடமே திரும்பி வந்தார், ஆனாலும் பட்டம் வெறும் 4 புள்ளியில் போட்டியாளர் வெய்ன் ரெய்னிக்குப் போய்விட்டது.

அப்புறம் வலது பாதத்தால் பின் பிரேக்கைச் சரியாக மிதிக்க முடியவில்லை. சரி, கையால் பிடிக்கலாமே என்று இடது கட்டைவிரலுக்கு ஒரு லீவர் பொருத்தினார்கள். 1994 முதல் 1998 வரை தொடர்ந்து 5 முறை, அன்றைய உச்சப் பிரிவான 500 சிசி-யில் உலகப் பட்டம்! 1999-இல் ஸ்பெயினின் ஹெரெஸில் மறுபடி விழுந்ததோடு ஓய்வு.

இப்போது கால் நன்றாக இருக்கும் மோட்டோஜிபி (இன்றைய உச்சப் பிரிவு) வீரர்களே அந்தக் கட்டைவிரல் பிரேக்கைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.