திருச்சியிலிருந்து வாட் பூ வரை, தனியாக

லாவோஸில் இருக்கும் வாட் பூ என்ற பழைய சிவன் கோயில் வரை தனியாகப் போய்வந்தேன். அதற்காகச் செய்த முதல் வேலை பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிசெய்ததுதான். பழைய பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர், குடும்பப்பெயர் என்ற கட்டம் காலி. அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளிய நம்மில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். உள்ளூரில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. விமான டிக்கெட் தளமும் அயல்நாட்டுப் படிவங்களும் இரண்டு பெயர் கேட்கும்போதுதான் தெரியும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. நான் போக நினைத்தது அந்தத் திசையே இல்லை. ஆனாலும் புதுப்பிக்கும்போது அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, ஆதாரில் முதலில் மாற்றி, அப்புறம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். கருவூல அலுவலகத்தில் பில் பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். ஓர் எழுத்து மாறினால் காகிதம் எத்தனை மேசை சுற்றும் என்று எனக்குத் தெரியும்.

"64 வயசுல தனியாவா? ரொம்ப தைரியம்" என்கிறார்கள். தைரியத்தைவிட இதில் படிவ வேலைதான் அதிகம். அதை நாமே செய்ய வேண்டும் என்பது என் கட்சி. மகன், "ஓடிபி மட்டும் சொல்லும்மா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். எல்லையில் நிற்கப்போவது அவன் இல்லையே. எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், எதில் திரும்புகிறீர்கள் என்று என்னைத்தான் கேட்பார்கள். தன் கையால் தட்டச்சு செய்தவளுக்கு அதெல்லாம் மனப்பாடமாக இருக்கும்.

டூர் பேக்கேஜில் போகலாமே என்று மகள் சொன்னாள். அங்கே எல்லாமே இருவருக்கு ஓர் அறை என்ற கணக்கு. தனி அறை வேண்டுமென்றால் கூடுதல் பணம், இல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஒருவரோடு அறையைப் பங்கிட வேண்டும். காலை ஆறு மணிக்கு பஸ்ஸில் ஏறி உட்காரச் சொல்வார்கள். என் முழங்கால் ஏழு மணிக்கு முன்னால் பேச்சுவார்த்தைக்கே வராது.

போக ஆசைப்பட்டது அங்கோர்வாட். பாங்காக்கிலிருந்து தரைவழியாகக் கம்போடியா போவது திட்டம். 2025 ஜூனில் தாய்லாந்து அந்த எல்லையை மூடியது, ஜூலையில் சண்டையே நடந்தது. விமானத்தில் போயிருக்கலாம்தான், ஆனால் எனக்கு ரயிலும் வேண்டும். அப்போதுதான் லாவோஸின் தெற்கே சம்பாசக் பக்கம் இருக்கும் வாட் பூ நினைவுக்கு வந்தது. அதுவும் அங்கோர்வாட்டைக் கட்டிய கெமர் மன்னர்களின் கோயில்தான், சிவனுக்கு. பின்னால் நிற்கும் மலையின் உச்சியில் இயற்கையாகவே லிங்கம்போல ஒரு பாறை. அதனால் பழைய பெயர் லிங்கபர்வதம். யுனெஸ்கோ 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சரி, இங்கேயே போவோம் என்று 2025 செப்டம்பருக்கு முடிவு செய்தேன்.

ஓய்வூதியர்கள் முதலில் பார்க்க வேண்டியது, உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்திர நேர்காணல் மாதம். அது பயணத்தில் மாட்டிக்கொண்டால் பென்ஷன் நின்றுவிடும், அங்கே உட்கார்ந்து கவலைப்பட வேண்டியிருக்கும். அடுத்தது காப்பீடு. அறுபதுக்கு மேல் பிரீமியம் கூடும். ரத்த அழுத்தம், சர்க்கரை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்த பாலிசி ஆஸ்பத்திரியில் உதவாது. மருந்துகளுக்கு டாக்டரிடம் வேதிப்பெயரோடு ஆங்கிலத்தில் சீட்டு எழுதி வாங்கினேன். கோடீன் கலந்த இருமல் மருந்து தாய்லாந்தில் கட்டுப்பாட்டில் உள்ளது, அதை எடுத்துப் போகாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

மலேசியாவும் தாய்லாந்தும் நான் போனபோது இந்தியர்களிடம் விசா கேட்கவில்லை. மலேசியாவில் 30 நாள், தாய்லாந்தில் 60 நாள். இதெல்லாம் மாறிக்கொண்டே இருப்பவை, கிளம்பும்முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் பாருங்கள். விசா இல்லை என்றால் படிவம் இல்லை என்று அர்த்தமில்லை. மலேசியாவுக்கு எம்டாக், தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் டிடாக் என்று இரண்டு இணைய வருகைப் படிவங்கள் உண்டு. இரண்டுமே இலவசம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பவை பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள். முகவரியைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். நான் எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டேன். சார்ஜ் தீர்ந்தாலும் காகிதம் பேசும்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் விமானம். குடிநுழைவு மேசையில் இருந்த பெண் என் ஃபைலைப் பார்த்ததும் தமிழிலேயே, "தனியாவா வந்தீங்க ஆன்ட்டி? பிள்ளைங்க வரலியா?" என்றார். வரவில்லை, வரச்சொல்லவும் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். திரும்பும் டிக்கெட் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு என்பதால், அடுத்த நாட்டுக்குப் போகும் ரயில் டிக்கெட்டையும் சேர்த்து வைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் ஏறினால் மின்சார ரயில் ஐந்தரை மணி நேரம்போல ஓடித் தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசாரில் விடும். தரைவழி எல்லைகளில் முதல்முறை போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மலேசியாவை விட்டு வெளியேறும் முத்திரையும் தாய்லாந்தில் நுழையும் முத்திரையும் ஒரே ரயில் நிலையத்துக்குள், அடுத்தடுத்த மேசைகளில். பெட்டியை இழுத்துக்கொண்டு சாலையில் அலைய வேண்டாம். கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டு, சின்ன ரயிலில் தாய்லாந்தின் தெற்கு நகரமான ஹாட்யாய் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து மாலையில் பாங்காக் இரவு ரயில்.

தாய்லாந்தின் இரண்டாம் வகுப்புப் படுக்கை நம் ஊர் சைடு லோயர் போலத்தான், தண்டவாளத்தோடு நீளவாக்கில். ஆனால் அகலம் தாராளம். கீழ்ப் படுக்கைக்கு விலை கொஞ்சம் கூட, முன்பதிவில் அதைக் கேட்டு வாங்குங்கள். சில ரயில்களில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான பெட்டி இருக்கிறது, விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. இரவானதும் பணியாளர் வந்தார். இரண்டு இருக்கைகளை இழுத்துச் சேர்த்தார், மேலிருந்து மெத்தையை இறக்கினார், உறையிலிருந்து பிரித்த வெள்ளை விரிப்பை நாலு மூலையும் செருகினார், தலையணை, போர்வை, திரை. எல்லாம் ஒரு நிமிஷ வேலை. அவர் போனபின் நான் விரிப்பில் சுருக்கம் தேடினேன், கிடைக்கவில்லை. குளிர்தான் தாங்கவில்லை, காலுறையும் தலைக்கு ஒரு ஸ்கார்ஃபும் கட்டாயம்.

பாங்காக்கில் இரண்டு நாள் ஓய்வு. கோயில்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று தாய் மொழியில் எழுதியிருக்கும் கடைகளில் மீன் சாறு கலப்பதில்லை. மற்ற இடங்களில் காய்கறி என்று சொல்லித் தந்தாலும் அது கலந்திருக்கலாம். எனக்குப் புளிக்காய்ச்சல் பாட்டில் கைகொடுத்தது.

அடுத்த இரவு ரயில், தாய்லாந்தின் கிழக்கே லாவோஸ் எல்லைப் பக்கம் இருக்கும் உபோன் ராட்சதானிக்கு. விடிந்ததும் இறங்கி, வேனில் சோங் மெக் எல்லை. இந்த இடம்தான் கொஞ்சம் வேலை வாங்கியது. தாய்லாந்து முத்திரை வாங்கி, சுரங்கப்பாதை வழியாக நடந்து அந்தப் பக்கம் ஏறினால் லாவோஸ். அங்கே எல்லையிலேயே விசா வாங்கிக்கொள்ளலாம். ஒரு படிவம், ஒரு புகைப்படம், கட்டணம் டாலராக. நாட்டுக்கு நாடு கட்டணம் வேறு. தாய்லாந்துப் பணமான பாத் நோட்டாகக் கட்டினால் மாற்று விகிதத்தில் கூடப் போய்விடும். மடிப்பு, கிழிசல், பேனாக் குறி இருக்கும் நோட்டை வாங்க மாட்டார்கள், அதனால் ஊரிலேயே புது நோட்டாகக் கேட்டு வாங்கியிருந்தேன். என் முன்னால் நின்ற இளைஞன் ஒரு நோட்டை மூன்று முறை நீட்டி மூன்று முறை திரும்ப வாங்கினான். நான் ஒன்று மாற்றிக் கொடுத்தேன். நம் கவுன்டர் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

சம்பாசக்குக்குப் பக்கத்து நகரமான பாக்சே வரை பகிர்வு வேன். மறுநாள் காலை சம்பாசக். டிக்கெட் கவுன்டரிலிருந்து படி தொடங்கும் இடத்துக்குப் பக்கம் வரை மின்வண்டி விடுகிறார்கள். இரண்டு பக்கமும் பெரிய குளங்கள், செப்டம்பர் மழையில் நிரம்பியிருந்தன. அதற்கப்புறம் படிகள். சீரான படிகள் இல்லை, சில முழங்கால் உயரம், சில பாதம் வைக்க இடமில்லாமல். ஓரத்தில் பூத்த சம்பா மரங்கள், நாம் பெருங்கள்ளி என்போமே அது. லாவோஸின் தேசிய மலரும் அதுதான். கைத்தடியோடு பக்கவாட்டில் திரும்பித் திரும்பி ஏறினேன். நாலு படி, ஒரு மூச்சு. ஐரோப்பியக் குழு ஒன்று என்னைக் கடந்து ஏறி, பார்த்து, கடந்து இறங்கியது. நான் இன்னும் ஏறிக்கொண்டிருந்தேன். அவசரம் யாருக்கு?

மேலே கருவறையில் இப்போது புத்தர். வாசல் நிலைகளில் நம் தெய்வங்கள் அப்படியே இருக்கிறார்கள். பின்னால் பாறையில் மும்மூர்த்தி புடைப்புச் சிற்பம். அதற்கும் பின்னால் பாறையிலிருந்து கசியும் ஊற்று. ஒரு காலத்தில் இந்த நீரைக் கல் ஓடை வழியாகக் கொண்டுவந்து லிங்கத்தின் மேல் விழ வைத்திருக்கிறார்கள். நின்று பார்க்கும் கோயில் பெரும்பாலும் 11, 12-ஆம் நூற்றாண்டு வேலை. இடமோ அங்கோரைவிட மூத்தது. பக்கத்தில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டு சமஸ்கிருதக் கல்வெட்டில் தேவாநீகன் என்ற மன்னன் இங்கே ஒரு தீர்த்தம் ஏற்படுத்தி அதற்குக் குருக்ஷேத்திரம் என்று பெயர் வைத்ததாக இருக்கிறது. மேகாங் ஆற்றங்கரையில் ஒரு குருக்ஷேத்திரம்! அதை நினைத்துக்கொண்டு ஊற்றுப் பக்கம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் உள்ளூர்ப் பாட்டி வந்து பாட்டிலில் நீர் பிடித்து என் தலையில் கொஞ்சம் தெளித்துவிட்டுப் போனாள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். பின்பக்கமாக, படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். யார் பார்த்தால் என்ன. ராத்திரி கோடாலித் தைலம்.

திரும்புவதற்கும் படிவம் உண்டு. தாய்லாந்துக்குள் மறுபடி நுழைய டிடாக்கைப் புதிதாக நிரப்ப வேண்டும், பழையது செல்லாது. பாக்சே விடுதியில் உட்கார்ந்து முடித்தேன். லாவோஸின் கிப் பணத்தை வெளியே மாற்றுவது கடினம், மிச்சத்தைச் சந்தையில் போலாவென் மலைக் காப்பித்தூளாக மாற்றினேன். உபோனிலிருந்து பகல் ரயிலே எடுத்தேன், வழியெல்லாம் பச்சை வயல். அங்கோர்வாட் இருக்கும் சியம் ரீப்புக்கு விமானத்தில் போக என்ன செலவாகும் என்று அந்த ரயிலிலேயே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.