உங்கள் பெயரை ஒருமுறை சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் நடத்தும் சிறிய தமிழ்க் கலைச் சங்கத்துக்கு ஒரு தொண்டர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது நான் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மறுக்க வாயெடுப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. கையில் ஒரு நீல அட்டை நோட்டைக் கொடுத்தார்கள். அதில் 58 பெயர்கள். ஒரு வாரம் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்தேன். 6 பேர் காலமாகியிருந்தார்கள். 11 பேர் ஜோகன்னஸ்பர்க்குக்கோ வெளிநாட்டுக்கோ குடிபோயிருந்தார்கள். 27 பேர் "கட்டாயம் ஒருநாள் வருகிறேன்" என்றார்கள். அந்த ஒருநாள் பல வருடங்களாக வந்துகொண்டே இருக்கிறது. மிச்சம் 14. ஆனால் அரங்கில் உண்மையில் வேலை செய்கிறவர்களை எண்ணினால் 23 பேர் வந்தார்கள். அதாவது, வேலை செய்கிறவர்களில் 9 பேரின் பெயர் நோட்டில் ஏறவே இல்லை. அந்த ஒன்பதில் எட்டுப் பேர் சமையலறைப் பெண்கள்.

நான் கும்பகோணத்துக்காரி. சனிக்கிழமை காலையில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் எல்லோருக்கும் நான் 'டீச்சர்'. இங்குள்ளவர்களின் முன்னோர் 1860 நவம்பர் 16 அன்று 'டுரூரோ' கப்பல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்ததற்குப் பிறகு, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் நகரின் மற்ற பகுதிகளிலிருந்து கிளப்பப்பட்டு, அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து இறங்கியவர்கள் பலர். எங்கள் அரங்கின் செங்கல்லைச் சுமந்தவர்களில் இருவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'தன்னார்வலர் படிவம்' என்று சொன்னால் சிரிப்பார்களா, கோபப்படுவார்களா என்பதே எனக்கு முதல் கவலை. அவர்களுக்கு அது கோயில் வேலை, ஒத்தாசை. அவ்வளவுதான்.

கோபம்தான் வந்தது. நடனமும் மிருதங்கமும் கற்கும் பிள்ளைகள் எங்களிடம் 40 பேர். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளைகளோடு பழகும் வேலையில் இருப்பவர்கள், சம்பளம் வாங்காதவர்களானாலும், குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியலில், தங்கள் பெயர் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்குப் 'படிவம் 30' என்று ஒன்று உண்டு. நிரப்பி, அடையாள அட்டையின் நகலோடு சமூக மேம்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். மிருதங்க ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் படிவத்தைத் தொடவில்லை. "இங்கே பேரப்பிள்ளை காலம் வரை வாசித்துக் காட்டிவிட்டேன் டீச்சர். இப்போது என்னைச் சந்தேகமா?"

என் தவறு எங்கே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அவரிடம் முதலில் போயிருக்கக் கூடாது. அடுத்த வாரம் தலைவரும் நானும் எல்லோர் முன்னிலையிலும் எங்கள் படிவங்களை நிரப்பிக் கையெழுத்திட்டோம். பிறகு பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது மிருதங்க ஆசிரியர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, பிறந்த தேதியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வரத் தாமதமாகிற காரியம் இது. விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு அனுப்பியும் இருவருக்கு விழா நாள் வரை வரவில்லை. அவர்களை ஒப்பனை அறைப் பக்கம் போடாமல் வாகன நிறுத்தத்தில் நிற்க வைத்தேன்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அதைப் பற்றி எங்களில் யாரும் கவலைப்படவில்லை, எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்த எண்களைப் பார்த்து ஒருவர் எல்லோரையும் கூப்பிட்டுக் காப்பீடு விற்கத் தொடங்கும் வரை. இப்போது அறிவிப்புக்கென்று ஒரு குழு. அதில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. எண்ணை எதற்காக வாங்குகிறோம் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமும் வாங்கிவிடுகிறோம்.

பணம் இதைவிடச் சிக்கலானது. முன்பு விழா முடிந்ததும் சிலருக்குக் கவரில் 200 ராண்ட் வைத்துக் கொடுப்பார்கள். யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு இல்லை என்பது மறுநாள் ஊருக்கே தெரியும். கணக்குப் பார்க்கிற ஒருவர்தான் எச்சரித்தார்: குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தொண்டர்களைத் தொடாது, ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொண்டர் என்றால் ஊதியம் எதுவும் பெறாதவர். கவரை ஊதியம் என்று யாராவது வாதாடினால் என்ன செய்வீர்கள்? கவரை நிறுத்தினோம். அதற்குப் பதில் பெட்ரோலுக்கும் டாக்சிக்கும் ரசீதோ ஒரு துண்டுச் சீட்டோ கொடுத்தால் செலவான தொகை அப்படியே கைக்கு வரும். முதல் மாதம் யாரும் சீட்டு தரவில்லை, வெட்கம். தலைவரின் மனைவி 38 ராண்டுக்கு ஒரு சீட்டு நீட்டிய பிறகுதான் மற்றவர்கள் பையைத் திறந்தார்கள்.

ஜூலை 18, மண்டேலா நாள். அவர் பொதுவாழ்வில் செலவிட்ட 67 ஆண்டுகளுக்காக 67 நிமிடம் சேவை செய்யும் வழக்கம் இங்கே உண்டு. ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு அலுவலகக் கூட்டம் ஒன்று வந்து இறங்கும், படம் எடுத்துக்கொள்ளும், 68ஆவது நிமிடத்தில் மறைந்துவிடும். குறைசொல்ல மாட்டேன். அரங்கின் பின்சுவருக்குச் சாயம் அடிக்க 67 நிமிடம் சரியாகப் போதும். அவர்களை ஒருபோதும் சமையலறைக்குள் விடாதீர்கள் என்பது மட்டும் என் ஆலோசனை.

இனி நான் தலைகுனிந்த கதை. விழா மேடையில் நன்கொடையாளருக்கும் பிரமுகருக்கும் பொன்னாடை போர்த்துவது வழக்கம். அந்தக் கைதட்டலைச் சமையலறைப் பெண்கள் சுவருக்கு அந்தப்பக்கம் பாத்திரம் துலக்கியபடியே கேட்பார்கள். இதை மாற்றுகிறேன் என்று கிளம்பி, 23 பேருக்கும் கெட்டியான தாளில் தமிழில் சான்றிதழ் அச்சடித்தேன். இங்குள்ள குடும்பப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் உருமாறியவை: கோவெண்டர், மூட்லி, பிள்ளே. நான்தான் தமிழ் படித்தவளாயிற்றே, எல்லாவற்றையும் 'சரியாக' எழுதினேன்: கவுண்டர், முதலியார், பிள்ளை.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு மாதிரிகளை மேசையில் பரப்பினேன். சமையலறையை 22 வருடமாக நடத்தும் ஆன்ட்டி தன் தாளை எடுத்தார். சிறுவயதில் கோயில் பள்ளியில் எழுத்துக் கற்றவர். விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினார். "க... வு... ண்... ட... ர். யார் இது?"

நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் அப்பா சர்க்கரை ஆலையில் கோவெண்டர் என்று கூப்பிட்டால்தான் கூலி வாங்கக் கையை நீட்டுவார். என் அடையாள அட்டையிலும் அதுதான். நீங்கள் எழுதியிருப்பது உங்கள் ஊரில் ஒரு சாதி இல்லையா? அதை என் பேத்திக்கு எதற்குத் தருகிறீர்கள்?"

23 தாளையும் கிழித்தேன். அச்சுக்கூலி போயிற்று.

பிறகு ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் தனியாக உட்கார வைத்தேன். "உங்கள் பெயரை ஒருமுறை சொல்லுங்கள்." காதில் விழுந்தபடி எழுதிக் காட்டினேன். சிலர் அதைப் பார்த்து எழுதிப் பழகினார்கள். ஒருவர் தன் பெயரின் முதல் எழுத்தான 'மூ'வின் சுழியை மட்டும் ஒரு பக்கம் முழுக்கப் போட்டார். அந்தப் பத்து நிமிடத்தில், பேச்சுவாக்கில், என்ன வேலை பிடிக்கும் என்றும் கேட்டேன். அதைத்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கணக்குப் பார்ப்பவருக்குக் கணக்கே பிடிக்காது. பகலெல்லாம் அதுதானே, நாற்காலி அடுக்குகிறேன் என்றார். ஒளியமைப்பில் உதவும் கல்லூரிப் பையனுக்குச் சான்றிதழே வேண்டாம். என்னென்ன செய்தான், எத்தனை மணி நேரம் செய்தான் என்று ஒரு கடிதம் வேண்டும், வேலைக்கு விண்ணப்பிக்க. நல்லவேளை, வருகைப் பதிவேடு வைத்திருந்தேன். 46 மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆன்ட்டி கொஞ்சம் தயங்கினார். "எனக்குக் கூத்தைப் பார்க்க வேண்டும்."

தெருக்கூத்தை இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். எங்கள் விழாவின் கடைசி இரவில் விடிய விடிய நடக்கும். 22 வருடமாக அவர் அதைக் கேட்டிருக்கிறார், பார்த்ததில்லை.

அந்த ஆண்டு சமையலை மாலை ஆறு மணிக்குள் முடித்தோம். பாத்திரம் கழுவும் முறையை ஆட்சிக்குழு ஆண்களுக்குப் போட்டேன். பட்டியலை ஒட்டியதும் இருவருக்குத் திடீரென்று முதுகுவலி வந்தது. தலைவர் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். அவர் கழுவிய அண்டாக்களை மறுநாள் காலையில் மீண்டும் கழுவ வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

ஆன்ட்டி கம்பளியும் ஃபிளாஸ்க்குமாக வந்து முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்தார். அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று தெரியும். திரை விலகி அவன் முகம் தெரிந்தபோது என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இவனா அது? இத்தனை வருடமாகத் தடியான ஆள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!"